போன் அடிக்காத மேசை

"ஏம்மா, இதையெல்லாம் யாரு படிக்கப் போறா? ஷிப்யார்டுல நிக்கிறவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நேரா எனக்குத்தான் கால் பண்ணுவான் லா."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் தலைமைப் பொறியாளர், இந்த வெளிநாட்டு நகரத்தில் எல்லாரும் பேச்சோடு ஒட்டும் 'லா'வையும் சேர்த்துச் சொன்னது இது. சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் மேசையில் போன் அடித்தது. பார்த்தாயா என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தார். "சொல்லு பங்காளி, இன்னிக்கு என்ன கூத்து?"

எங்கள் நிறுவனம் கப்பல் பட்டறைகளுக்கு ஒரு மென்பொருள் செய்கிறது. கப்பலின் டாங்கிக்குள், அதாவது எண்ணெய்த் தொட்டிக்குள், ஆள் இறங்கவோ வெல்டிங் தொடங்கவோ மேற்பார்வையாளர் அதில்தான் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வழிகாட்டி எழுத என்னை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறையாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்; அது எனக்கு எப்படிப்பட்டது என்று எங்கள் அலுவலகத் தளத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து என்னத்தைக் கிழித்தாள் என்று கேட்க உறவில் பலர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பதாக இல்லை.

தலைமைப் பொறியாளர் எழுதிய பழைய வழிகாட்டியில் பிழை என்று ஒன்றும் இல்லை. எல்லாமே அதில் இருந்தது. ஆனால் மென்பொருளை எந்தக் குழு எந்தப் பகுதியாக எழுதியதோ, அதே வரிசையில் இருந்தது. டாங்கிக்குள் ஆபத்தான வாயுவின் அளவு கூடி வேலை நின்றுவிட்டால், மீண்டும் தொடங்குவதற்கு அனுமதி அத்தியாயத்தில் ஒரு படி, வாயு அளவு அத்தியாயத்தில் ஒரு படி, பயனர் உரிமைகளில் இன்னொரு படி. வெயிலில் டாங்கி வாயருகே நிற்பவர் இதையெல்லாம் தேடிக் கோப்பாரா? போன்தான் செய்வார்.

எங்கள் வீட்டுக்கு வந்த தாள்களையெல்லாம் சிறு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொன்னேன். மோட்டார் பெட்டிக்குள் வந்த தாளானாலும் மருந்துச் சீட்டானாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "முழுசா வேணாம், இப்ப நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு." அதனால் வழிகாட்டியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம், செய்ய வேண்டிய வேலையின் பெயரிலேயே தலைப்பும் அதன் கீழ் படிகளும் மட்டும். மறுபக்கம், பார்த்தறிவதற்கான குறிப்புகள்: திரையில் உள்ள ஒவ்வொரு கட்டத்தின் பொருள், வரம்புகள், பிழை எண்கள். பிழை எண்களைக் காரண வாரியாக அடுக்கவில்லை. திரையில் தெரிவது எண்தான் என்பதால் எண் வரிசையில் வைத்தேன்.

பொறியாளருக்கு இது பிடிக்கவில்லை. "விளக்கத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டியே!"

"எறியல அண்ணே. தனிப் பக்கத்துல இருக்கு. வேணும்னா ஒரு தட்டு தட்டிப் போய்ப் பார்ப்பாங்க."

"நான் எழுதுனது பரண்ல ஏறிடுச்சுன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு படியையும் தானே செய்து பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தவரும் அவர்தான்.

புதிய வழிகாட்டி வெளிவந்த பிறகு போன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு மதியம் அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துவிட்டுக் கீழே வைத்ததைப் பார்த்தேன். என் பார்வையைக் கண்டதும், "லைன் செத்துப்போச்சோன்னு பார்த்தேன் லா" என்றார். பிறகு மெதுவாக, "அடிச்சா திட்டுவேன். ஆனா அந்தப் பங்காளி பொண்ணு பரீட்சை எழுதுனதுகூட எனக்குத் தெரியும். இப்ப யாரு வந்து சொல்றா?" என்றார்.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. சில மாதங்களில் அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தத் தளத்தில் நாள் முழுக்க என் காதில் விழுந்த தமிழ், அவர் போனில் பேசிய தமிழ் மட்டும்தான். என் வெற்றி அதையும் சேர்த்து ஓய வைத்திருந்தது.

ஒருநாள் பொங்கோலில் உள்ள என் வாடகை அறையிலிருந்து பேசியபோது அம்மா, "அந்தப் புத்தகத்துல உன் பேரு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். வழிகாட்டிகளில் எழுதியவர் பெயர் இருக்காது என்றேன். "அப்ப நீதான் எழுதுனேன்னு எப்படித் தெரியும்?" ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை ஆட்கள் வந்து கூடும் லிட்டில் இந்தியாவில் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறேன். எதிரே வருபவர்களில் யாரோ ஒருவர் நேற்று என் படிகளைப் பார்த்து வேலையைத் தொடங்கியிருக்கலாம். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது.

படிப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும், வாரம் ஒரு நாள் பட்டறையில் உட்கார அனுமதியுங்கள் என்று மேலாளருக்கு எழுதினேன். சரி என்றார். பாதுகாப்பு வகுப்பை முடித்தேன். நேற்று நுழைவு அட்டை விஷயமாக ஜூரோங் பட்டறைக்கு நானே போன் செய்தேன். எடுத்த மேற்பார்வையாளர், "அந்த கைடு எழுதுன ஆளு நீங்கதானா? வாங்க வாங்க. மூணாவது ஸ்டெப்புல உங்ககூட எனக்கு ஒரு சண்டை இருக்கு" என்றார்.

இதைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் தலைக்கவசம். பஸ் ஜூரோங்குக்குள் திரும்பிவிட்டது.