கபோர்டுக் கதவின் நிறம்

இன்று சமையலறைக் கபோர்டைத் துடைக்கும்போது, கதவின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது. கதவு புதிதாக வந்தபோதே ஒட்டியிருந்த நீலத் தாள். கீறல் விழக்கூடாதென்று அப்படியே விட்டிருந்தோம்.

ஆக, எண்ணெய்ப் பிசுக்கும் கரிசல் புழுதியும் போக வாராவாரம் நான் சோப்பு போட்டுத் தேய்த்தது கதவையே இல்லை.

மிச்சத்தை உரித்தால் அடுப்புச் சூட்டில் இறுகிப்போய் துணுக்குத் துணுக்காக வந்தது. அருப்புக்கோட்டையில் கதவு வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன்.

“தேங்கா எண்ணெ தடவி ஊறவச்சா வந்துரும்க்கா,” என்றார் கடைக்காரர். “ஆனா எதுக்கு உரிக்கிறீக? எங்க வீட்லயும் அப்படியேதான் கெடக்கு.”

“கதவு என்ன கலருன்னே மறந்துபோச்சுண்ணே. பாக்கணும்ல.”

“பாத்துட்டு? மறுநாளே அழுக்காயிரும். மேல ஒட்டுறதுக்கு ஷீட்டு வந்திருக்கு, தாரேன்.”

நியாயமாகத்தான் பட்டது. ஒரு ரோல் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் எண்ணெய் தடவி முழுவதும் உரித்தேன். நல்ல சந்தன நிறம்.

என் வீட்டுக்காரர் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்ம வீடு மாதிரியே இல்ல. சீக்கிரம் ஒட்டிரு.”

ஒட்டியாயிற்று. கடையில் நீல ஷீட் மட்டும்தான் இருந்தது.

உங்கள் வீட்டுக் கபோர்டின் நிறம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.