ஆண்களுக்குக் கேட்காத மருந்து

“ஆம்பளைத் தோல் தடிமன், டாக்டர். மருந்து உள்ளே இறங்கலை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டுல அப்படித்தான் எழுதப்போறேன்” என்றார் எங்கள் சீஃப்.

“மதுரை ஆம்பளைக்கு மட்டும் எருமைத் தோலா சார்?” என்று கேட்டுவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் நான் அசிஸ்டன்ட் டாக்டர். சொறி சிரங்குக்கு ஒரு ட்ரயல் நடத்திக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்குப் பழைய கந்தகக் களிம்பு, பாதிப் பேருக்கு எங்களுக்குப் புதிதான ஒரு வெள்ளை லோஷன். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். க்ளினிக் வெள்ளிக்கிழமை. “இன்னைக்கு ராத்திரி கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமத் தடவுங்க, வீட்டுல எல்லாரும் தடவுங்க, ஞாயிறு காலை வரைக்கும் உடம்புல தண்ணி படக்கூடாது” என்று சொல்லி அனுப்புவோம்.

வந்த முடிவுதான் வினோதம். களிம்போ லோஷனோ, பெண்களுக்கு நன்றாகக் கேட்டது. ஆண்களுக்கு இரண்டுமே கேட்கவில்லை. ஒரே வீட்டில் மனைவி தேறிவிடுவாள், புருஷன் சொறிந்துகொண்டே வருவான். பிறகு அவனிடமிருந்து அவளுக்கே திரும்பவும் ஒட்டும்.

அன்று வெளி பெஞ்சில் முத்தையா உட்கார்ந்திருந்தார். ஆரப்பாளையத்தில் காதர் பாய் கடையின் புரோட்டா மாஸ்டர். விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. இந்தக் கையோடு கல்லுப் பக்கம் வராதே என்று பாய் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

“சித்திரைத் திருவிழாக் கூட்டம் வர்றதுக்குள்ள கை சரியாகலைன்னா, இப்ப வந்திருக்கிற புது ஆளையே வச்சுக்குவேன்னுட்டாரும்மா. எனக்கு மாவை விட்டா வேற தொழில் தெரியாது” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி பேச்சியம்மாளின் விரல்கள் சுத்தமாக இருந்தன. அவளுக்கும் அதே லோஷன்தான்.

இந்த ஆள் மருந்தைத் தடவுவதே இல்லை என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சமயநல்லூரில் இருந்த அவர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தயாராகத்தான் போனேன்.

வீட்டுக் கொல்லையில் துவைகல்லின் மேல் முத்தையா கோவணத்தோடு உட்கார்ந்திருந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். பேச்சியம்மாள் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மனிதர் துண்டை அள்ளிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் ஓடினார்.

“என்ன மாஸ்டர் இது?”

“சனிக்கிழமைம்மா” என்று தட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“நேத்து ராத்திரி மருந்து தடவுனீங்களா, இல்லையா?”

“மீனாட்சி சத்தியமாத் தடவுனேன்மா!”

பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள். “அது சூட்டு மருந்தும்மா. போட்டா எரியுதுங்கிறாக. எண்ணெய் தேய்ச்சுக் குளிர்ச்சி பண்ணுனாத்தான உடம்பு மருந்தைத் தாங்கும்? அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு.”

“நீங்க தேய்க்கலையா?”

“நான் என்ன ஆம்பளையா, சனிக்கிழமை தேய்க்க? எனக்கு வெள்ளிக்கிழமை. காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தான உங்க ஆஸ்பத்திரிக்கே வாரேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. ஊருக்கே தெரிந்த எண்ணெய்க் கிழமை. எங்களிடம் வரும் பெண்கள் எண்ணெய்க் குளியலை முடித்துவிட்டு வந்து மருந்து வாங்குகிறார்கள். ஆண்கள் வெள்ளி இரவு தடவிய மருந்தைச் சனிக்கிழமை காலையிலேயே சீயக்காய் போட்டுக் கழுவிவிடுகிறார்கள்.

அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். சீஃப் அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். சனிக்கிழமைகளில் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். வழுக்கைத் தலை பளபளவென்று மின்னியது, அறையெல்லாம் சீயக்காய் வாசனை.

“சார், இன்னைக்கு உங்களுக்கு எண்ணெய்க் குளியலா?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

சொன்னேன். அவர் மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேஜை குலுங்கச் சிரித்தார். “அடக் கடவுளே, பதிலைத் தலையில தேய்ச்சுக்கிட்டே வந்திருக்கேனே!” ரிப்போர்ட்டை நிறுத்தினார். பழைய கணக்கை ஒதுக்கிவிட்டு, க்ளினிக்கைச் சனிக்கிழமைக்கு மாற்றி ட்ரயலைப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தார்கள், இரவில் தடவினார்கள், திங்கள் வரை தண்ணீர் படவில்லை. தடித்த தோல் என்று பெயர் வாங்கிய ஆண்களெல்லாம் தேறினார்கள். முத்தையாவின் விரல் இடுக்குகள் காய்ந்து, அரிப்பும் அடங்கியது. ஆனால் காதர் பாய் அசையவில்லை. திருவிழாவுக்கு முன்னால் நானே முத்தையாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“நீங்க சொன்னா நான் நம்புறேன் டாக்டரம்மா. எனக்கும் மாஸ்டர் மேல பிரியந்தான். ஆனா இவரு சொறிஞ்சதைப் பார்த்த கஸ்டமர் நம்பணுமே?” என்றார் பாய். நியாயமான கேள்விதான்.

“அவரையே ரெண்டு புரோட்டா போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்த முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நான் யார் என்று கடையில் பாதிப் பேருக்குத் தெரியும். முத்தையா மாவை வீசினார். கல்லில் போட்டு எடுத்து, இரண்டு கையாலும் தட்டி உதிர்த்து என் இலையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சால்னாவை ஊற்றிப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மருந்து கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், அந்த வீட்டில் அன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள்.

நான் இரண்டாவது புரோட்டாவில் கை வைத்தபோது, பின் பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “மாஸ்டர், இங்கே ஒரு செட்டு!”

பாய் புது ஆளைப் பார்த்து, “தம்பி, நீ இனிமே டீயைக் கவனி” என்றார்.