பட்டான்செருவிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை, ஒரு மரப்பெட்டியுடன்

2009 டிசம்பரில் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு லாரியில் போனேன். ரயிலில் இடம் கிடைக்காமல் இல்லை. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் நான் வேலை பார்க்கும் சின்னத் தொழிற்சாலை முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஒரு மெஷின் அனுப்பியது. மாத்திரைகளுக்கு மேல்பூச்சு கொடுக்கும் மெஷின். அதை வடிவமைத்து வரைந்தவள் நான். அது கப்பலேறுவதை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? குகட்பள்ளி வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டேன்.

நகருக்குள் லாரிகளைத் தடுக்கும் நேரத்துக்கு முன்பே, காலை ஐந்துக்குப் புறப்பட்டோம். டிரைவர் சண்முகம் அண்ணன் நாமக்கல்காரர். சௌட்டுப்பலில் டீ குடிப்பதற்கு முன், மெஷின் இருந்த மரப்பெட்டியைக் கட்டியிருந்த சங்கிலிகளை மறுபடி இறுக்கினார்.

“கெளம்பறப்ப கட்டுனது கட்டே இல்லீங்க மேடம். குலுங்கி ஒக்காந்த பொறவு இறுக்கோணும்.”

இதற்குத்தான் ‘லாஷிங்’ என்று பெயர். சூர்யாபேட்டையில் சாப்பாடு நாற்பது ரூபாய், கோங்குரா என்கிற புளிச்சகீரைத் துவையலை விட்டுவிடாதீர்கள். மொத்தம் சுமார் அறுநூற்றைம்பது கிலோமீட்டர். மறுநாள் காலை சென்னை.

துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்கு யார்டில் பெட்டியைக் கன்டெய்னருக்குள் இறக்குவது ‘ஸ்டஃபிங்’. மதியம் இரண்டு மணி ‘கட்-ஆஃப்’. அதற்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் ‘ஷட் அவுட்’, அதாவது கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். எங்களுக்கு அது முதல் ஆர்டர்.

கிரேன் மேஸ்திரி பெட்டியின் நடுவைப் பார்த்துத் தூக்கும் பட்டைகளை மாட்டப் போனார். ஆனால் மோட்டார் ஒரு பக்கம் இருப்பதால் எடை முழுக்க அங்கேதான். அதைக் காட்டும் வட்டக் குறியைப் பெட்டியின் ஓரமாக வரைந்திருந்தேன்.

“இன்னாம்மா, குறி ஓரமா கீது? தச்சன் தப்பா போட்டானா?”

“நான்தாங்க போட்டேன். கணக்குப் பாத்துதான் போட்டிருக்கேன். அதை வச்சே தூக்குங்க.”

“சாஞ்சா திரும்ப லாரிலயே வெச்சிருவேன். ஐதராபாத்துக்கே எட்த்துனு போயிரு.”

“சரி” என்றேன்.

கிரேன் ஒரு சாண் தூக்கியது. பெட்டி ஒரு நூல்கூடச் சாயவில்லை. மேஸ்திரி இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டுக் கிரேன்காரரிடம், “தூக்குப்பா, இன்னா வேடிக்க பாக்குற!” என்று கத்தினார். சண்முகம் அண்ணன் விசிலடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சரக்கோடு பயணம் போக விரும்புகிறவர்கள் யார்டுக்கு முன்கூட்டியே பாஸ் வாங்குங்கள். செருப்போடு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

பெட்டி கப்பலேறியதற்கான ரசீது அடுத்த வாரம் வந்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் எல்லாருக்கும் போடுகிற வாசகத்தையே போட்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்: “உள்ளே மெஷின் ஒன்று இருப்பதாகச் சொல்லப்படுகிறது.”

“யாரு சொன்னாளாம்?” என்றாள், இன்னும் கோபம் தீராமல்.

“நான்தாம்மா.”

அந்த ரசீதின் நகலை இப்போது அவள்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.