ஆர்டித் பூட்டிய அடித்தகடு

லாமார் பின்னக் என்ற மனுஷனிடம் ஆர்டித் முதலில் பார்த்தது அவனுடைய பூட்ஸைத்தான். அப்போது அவள் அவனுடைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். மலைத் தடத்தில் ஏதோ ஒரு பாறை எஞ்சினின் ஆயில் தொட்டியைக் கிழித்துவிட்டிருந்தது. மாடு ஏற்றும் டிரெய்லர்கள் செய்கிற அவளுடைய அப்பாவின் பட்டறைக்கு யாரோ கயிறு கட்டி இழுத்துவந்து விட்டுப் போயிருந்தார்கள்.

"வெல்டிங் பண்றவர் எங்கே?" என்று பூட்ஸ் கேட்டது.

"உன் காலுக்குக் கீழதான் கிடக்கேன். தள்ளி நில்லு, கண்ணுல மண்ணு கொட்டுது."

கிழிசலை அடைத்ததோடு விடாமல், அதற்குக் கீழே தடிமனான ஒரு இரும்புத் தகட்டையும் அவள் பூட்டிக் கொடுத்தாள். இன்னொரு தடவை இந்த ஆள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்பதுதான் எண்ணம். அவனோ சில வாரத்தில் திரும்பி வந்து ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, "பாரேன், கீறல் மட்டும்தான், ஒரு ஓட்டை இல்லை" என்று பூங்கொத்தை நீட்டுகிறவன் மாதிரி தகட்டைக் காட்டினான். அந்த வருஷமே கல்யாணம் ஆனது.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், செம்பாறைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. லாமார் வெளியூர்க்காரர்களை ஜீப்பில் ஏற்றிப் பாறைத் தடங்களைச் சுற்றிக் காட்டுவான். ஆர்டித் அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தினாள். அடிபட்ட வண்டிகளுக்கு அந்த ஊரில் பஞ்சமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவள் தன் கிறிஸ்தவ சபைக்குப் போவாள், அவன் போகமாட்டான். சபை கூடாதென்று சொல்கிற காப்பியை அவன் குடிப்பான். அவள் வாயில் வைக்கமாட்டாள், ஆனால் காலையில் போட்டுக் கொடுப்பாள். கென்ட்ரா என்று ஒரே மகள். படித்து, சால்ட் லேக் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, அங்கேயே குடும்பமாகிவிட்டாள்.

ஜீப்பு ஓட்ட வருவதற்கு முன், பதினெட்டு வயசிலிருந்து சில வருஷம், லாமார் யுரேனியம் சுரங்கத்தில் வேலை பார்த்திருந்தான். வெடி வைத்த புழுதி அடங்குவதற்குள் உள்ளே போய் அள்ளுவார்களாம். முகத்துக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். அந்தப் புழுதி நாற்பது வருஷம் அவனுக்குள் சும்மா கிடந்தது. அறுபது தாண்டியதும் எழுந்துகொண்டது. நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்ச் மாதிரி இறுகிவிட்டது என்றார் டாக்டர். இனி இளகாது, இன்னும் இறுகும்.

மூக்கில் குழாய் வந்தது. அறை மூலையில் ஓயாமல் உறுமுகிற ஆக்சிஜன் மெஷின் வந்தது. எல்லாவற்றையும்விட அவனை வதைத்தது வேறொன்று: பெட்ரோல் புகை கொஞ்சம் பட்டால் போதும், இருமல் ஆரம்பித்து உதடு நீலம் பாரித்துவிடும். ஜீப்பை எலோய் அர்ச்சுலேட்டாவிடம் கொடுத்துவிட்டான். இருபது வருஷமாக அவன் வண்டிக்கு முன்னால் நடந்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று கையால் காட்டி வந்தவன் எலோய். அதற்குப்பின் லாமார் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவேயில்லை. ஆர்டித் என்ன கேட்டாலும் "ம்" என்பான். சில நாள் அதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் சத்தமே இல்லாமல் ஒரு பிக்கப் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பேட்டரியில் ஓடுவது. யாரோ ஓட்டிப் பழசாக்கி விற்றது.

லாமார் வாசல் வரை வந்து பார்த்தான். "என்னது இது? கரண்ட்ல ஓடுற கட்டிலா?"

"புகை கிடையாது. உள்ளேயே பிளக் பாயின்ட் இருக்கு. உன் மெஷினைச் சொருகலாம். நாள் முழுக்க ஓடும்."

"எங்கே ஓட்டுறது? மளிகைக் கடைக்கா?"

"உன் தடத்துக்கு."

அவன் கஷ்டப்பட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பதை அவள் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. "ஆர்டி, இந்த வண்டி உயிரை வயித்துக்குக் கீழ கட்டிக்கிட்டு அலையுது. முதல் படியிலேயே பாறை குத்திடும்."

அவன் சொன்னது சரிதான். இந்த வகை வண்டியில் பேட்டரி முழுவதும் வண்டித் தளத்துக்கு அடியில், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. கம்பெனிக்காரன் கொடுக்கும் மூடி சரளைக்கல்லைத் தாங்கும். ஆனால் முழு வண்டியும் பாறை நுனியில் தொப்பென்று உட்கார்ந்தால் தாங்காது. அடி பலமாகப் பட்டால் வண்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பிளக் பாயின்டும் அணையும். லாமாரின் மெஷினும் நின்றுபோகும்.

ஆர்டித் வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தினாள். முதலில் இரும்பு என்று நினைத்தாள். கனம் கூடினால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும். அலுமினியம் இலேசு, ஆனால் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. கடைசியில் நடுப்பகுதிக்கு அலுமினியமும், பாறை உரசுகிற அதன் அடிப்பக்கத்துக்கு வழுக்குகிற கெட்டிப் பிளாஸ்டிக் தகடும், அடி அதிகம் படுகிற ஓரங்களுக்கு இரும்பும் என்று முடிவானது. பேட்டரி மேல் ஒரு போல்ட்கூடப் படக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். தகடு முழுக்க வண்டியின் சட்டமான சேஸிஸில் தொங்க வேண்டும், பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி வேண்டும். தகடு நசுங்கினாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே நசுங்கட்டும்.

லாமார் நாற்காலியைப் பட்டறைக்கு மாற்றிக்கொண்டான். வெல்டிங் புகை ஆகாது என்பதால் அந்த வேலையை அவள் வெளியே வைத்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை பிடித்தான்.

"அங்கே ஏன் ஓட்டை போடுறே?"

"உள்ளே சேருற மண்ணு வெளியே போக வேண்டாமா?"

"பாறை வர்றது அந்தப் பக்கத்திலிருந்துதான், ஆர்டி. ஓட்டையைப் பின்னாடி தள்ளு. முப்பது வருஷமா அந்தப் பாறைங்க என்னைக் குத்தியிருக்கு, எனக்குத் தெரியாதா?"

"குத்தினப்பல்லாம் ஒட்டுப் போட்டது நான்தான். எனக்கும் தெரியும்."

எலோய் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மணி, நீங்க வண்டிக்குத் தகடு போடுறீங்களா, இல்ல கிழவனுக்கு வாய் போட்டீங்களா? இத்தனை நாள் செத்த பாம்பு மாதிரி கிடந்தான்!"

அந்தக் கோடையில் அவர்கள் மூன்று பேரும் சுற்றாத இடமில்லை. பாறையில் பிடிப்பதற்காக டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, எலோய் முன்னால் நடக்க, ஆர்டித் ஓட்ட, லாமார் பக்கத்தில் உட்கார்ந்து அதட்டுவான். எஞ்சின் சத்தம் இல்லாததால் பாறைச் சந்தில் குருவி கத்துவதுகூடக் கேட்டது. "இத்தனை வருஷம் இதெல்லாம் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டான். கேட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆனால் கோடை முடியும்போது மெஷினில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கென்ட்ரா போனில் அழுதாள். "அம்மா, அப்பாவை இங்கே கூட்டிட்டு வா. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கட்டும். அவர் என்ன சின்னப் பையனா, கேட்டதெல்லாம் செய்றதுக்கு?"

ஆர்டித் அவனிடம் சொன்னாள். அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். பிறகு, "முதுகெலும்புக்கு ஒருதடவை போயிட்டு வந்துடலாம். அப்புறம் நீங்க சொல்ற இடத்துல படுத்துக்கறேன்" என்றான்.

முதுகெலும்பு என்பது அங்கே இருக்கிற தடங்களிலேயே மோசமானது. மலையின் முதுகில் படிபடியாக ஏறும். முடியாது என்று சொல்லத்தான் ஆர்டித் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "பனி விழறதுக்கு முன்னாடி போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு காலை கிளம்பினார்கள். கீழ்ப் படிகளில் தகடு இரண்டு மூன்று தடவை உரசி வழுக்கிக்கொண்டு போயிற்று. பாதி வழியில், கல் வைத்து அடைத்த பழைய சுரங்க வாய் ஒன்று வந்தது. லாமார் தொப்பியைத் தூக்கி அதற்கு வணக்கம் சொன்னான். "என் மூச்சைத் திருப்பிக் கொடுடா திருட்டுப் பயலே" என்றான். எலோய் சிரித்தான். ஆர்டித்தால் முடியவில்லை.

பெரிய படியில் வந்தது வினை. முன் சக்கரம் ஏறிவிட்டது. பின் சக்கரத்துக்கு அடியில் இருந்த கல் உருண்டது. வண்டி முழுக் கனத்தோடும் பாறை நுனியில் போய் உட்கார்ந்தது. மலையே பிளந்த மாதிரி ஒரு சத்தம்.  ஆர்டித் ஸ்டியரிங் பக்கத்துத் திரையைப் பார்க்கப் பயந்து, காதைத்தான் தீட்டிக்கொண்டாள். பின் சீட்டில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஓடுது" என்றான் லாமார். "எலோய், அடியில பாருடா."

எலோய் தரையில் படுத்து டார்ச் அடித்தான். "குழி விழுந்திருக்கு, பெரிசு. பேட்டரிகிட்ட போகல. நடுவுல இன்னும் ஒரு விரல் போகுது."

லாமார் மனைவியின் தொடையில் தட்டினான். 

மலை உச்சி சமதரையாக இருக்கும். தூரத்தில் ஆறு பழுப்புக் கயிறு மாதிரி கிடக்கும். கதவைத் திறந்து வைத்து, அவனை வெயில் படும்படி உட்கார வைத்தார்கள். அவன் பாதி சாண்ட்விச் தின்றான், பிளாஸ்க்கிலிருந்து காப்பி குடித்தான். ஒரு வெளியூர்க்காரப் பெண் இங்கே வந்து பயத்தில் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த கதையை எலோய் சொன்னான். லாமார் நடுநடுவே திருத்தினான். பிறகு சீட்டைச் சாய்க்கச் சொன்னான்.

"தூங்கறியா?"

"கொஞ்ச நேரம். நீ இங்கேயே இரு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேக நிழல் ஒன்று பள்ளத்தாக்கைக் கடந்து போயிற்று. திரும்பிப் பார்த்தபோது அவன் நெஞ்சு அசையவில்லை. மெஷின் மட்டும் அவன் மூக்குக்குள் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது.

எலோய் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் பின் சீட்டுப் பக்கம் போய் மெஷினை அணைக்கக் கையை நீட்டினான்.

"விடு எலோய்," என்றாள் ஆர்டித். "இருக்கட்டும்."

"அம்மணி..."

"கீழ போற வரைக்கும் இருக்கட்டும்."

அங்கே போன் எடுக்காது. ஆளை அங்கேயே விட்டுவிட்டு இறங்க இருவருக்கும் மனசில்லை. அவனுக்கு பெல்ட்டைப் போட்டு, தலை ஆடாமல் இருக்க அவளுடைய ஜாக்கெட்டை முட்டுக் கொடுத்தார்கள். எலோய் வண்டிக்கு முன்னால், அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். இடது கை, வலது கை, நிறுத்து, கொஞ்சம் வா. கன்னத்தில் வழிவதைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவனுக்கு. பெரிய படிக்கு வந்ததும் அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். இரண்டு பேருமாகக் கல் பொறுக்கிப் பொறுக்கிச் சரிவு மாதிரி அடுக்கினார்கள். தகடு தாங்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் அதிரக்கூடாது என்று பட்டது. சாயும் வெயிலில் வெகுநேரம் அடுக்கினார்கள். வண்டி ஒரு கல்லிலும் இடிக்காமல் கீழே வந்து சேர்ந்தது. தரைக்கு வந்தபின் மெஷினை அவளே அணைத்தாள்.

சபைப் பெண்கள் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்குத் தட்டுகளோடு வந்து வீட்டை நிறைத்தார்கள். லாமாருக்குப் பிடிக்காதவர்கள்கூட அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் போனபின், கென்ட்ரா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அந்தத் தகட்டை நீ பூட்டாம இருந்திருந்தா அப்பா அங்கே போயிருக்கவே மாட்டார்."

"ஆமா" என்றாள் ஆர்டித்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார். என் பிள்ளைங்க பார்த்திருக்கும்."

அதற்கும் ஆமா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்டித் கழுவிய தட்டை எடுத்துத் துடைத்தாள். கென்ட்ரா மறுநாள் விடியுமுன் கிளம்பிப் போய்விட்டாள்.

குளிர்காலம் முழுக்க மகள் போன் செய்யவில்லை. ஆர்டித் செய்தால், மருமகன் எடுத்து, அவள் வேலையாக இருக்கிறாள் என்பான். பாவம், பொய் சொல்லத் தெரியாதவன். பிக்கப்பை அவள் பட்டறைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள். கதை எப்படியோ பரவி, பக்கத்து மாநிலமான கொலராடோவிலிருந்தெல்லாம் இதே மாதிரி வண்டியோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் எல்லாருக்கும் செய்து கொடுத்தாள். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற நேரம் மட்டும் அழுகை வராது என்று எலோயிடம் ஒருதடவை சொன்னாள். வந்தாலும் காதுக்குள்தான் போகும், யாருக்கும் தெரியாது என்றான் அவன்.

வசந்தத்தில் கென்ட்ரா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். சமையலறையில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்: "அம்மா, அப்பா மூச்சுக்குத் தவிச்சாரா?"

"இல்லடி. தூங்கினார். நான் பக்கத்துலயே இருந்தும் எனக்கே தெரியல."

"பயந்தாரா?"

"காலையில சுரங்கத்தைத் திட்டினார். எலோயைத் திட்டினார். பயந்த மாதிரி தெரியல."

கென்ட்ரா சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. ஆர்டித் எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல இன்னும் கோவம்தான்" என்றாள் மகள், அந்த வயிற்றுக்குள்ளேயே. "இருக்கட்டும்" என்றாள் அம்மா.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. நீளமாகப் பேசுவதில்லை. பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அங்கே மழை, இங்கே வெயில். எலோய் ஆட்களை முதுகெலும்புக்குக் கூட்டிப் போகும் நாட்களில் ஆர்டித் முந்தின நாளே வண்டிகளைத் தூக்கி ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிக் கொடுக்கிறாள். வாங்களேன் அம்மணி என்று அவன் கேட்கத்தான் செய்கிறான். இந்த வருஷம் வேண்டாம் என்கிறாள்.