நான் தேர்ந்தெடுத்த நீலக் கிட்டார்

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு அம்மா வருவாள், இல்லையென்றால் கிட்டார் வரும். இரண்டில் ஒன்றுதான். இது அப்பாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்லி எதற்கு அழவைப்பது என்று நினைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான். அதனால் என்ன ஆயிற்றென்றால், அம்மா வராமலிருப்பதற்கான காரியத்தில் வீட்டிலேயே அதிகம் குதித்தவள் நானாகிப்போனேன்.

அம்மாவின் ஆஸ்பத்திரியில் லீவை எடுக்காமல் வேலை பார்த்தால் அதற்குத் தனியாகப் பணம் கிடைக்கும். எங்கள் வீட்டின் பின்பக்கத்து அறை சுவரோடு நின்றுபோயிருந்தது. லீவை விட்டுக்கொடுத்தால் அதற்குக் கூரை போட்டுவிடலாம், மிஞ்சுவதில் அண்ணன் நெடுநாளாகக் கேட்டுவந்த எலக்ட்ரிக் கிட்டாரையும் வாங்கிவிடலாம். அம்மாவும் அப்பாவும் ஃபோனில் பேசி இப்படி முடிவுசெய்திருந்தார்கள். கிட்டார் அண்ணனைச் சமாதானப்படுத்துவதற்கு. என்னைச் சமாதானப்படுத்த வேண்டிய அவசியம் வரவில்லை, எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

எங்கள் வீடு குன்னத்துகால் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. பகலிலும் உள்ளே வெளிச்சம் கம்மி. அப்பாவுக்கு ஜங்ஷனில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை, இருட்டிய பிறகுதான் வருவார். அண்ணன் கல்லூரியில் பிரீ-டிகிரி படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானே சாவியெடுத்துக் கதவு திறந்து, நானே சோறு போட்டுத் தின்று, கொல்லையில் கோழிகளிடம் அன்றைய சமாசாரங்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கோழிகள் மரியாதையாகவே கேட்கும், ஆனால் நடுவில் எழுந்து போய்விடும்.

அண்ணனுக்கும் கூட்டாளிகள் குறைவு. அவனுக்கு வாய்த்தது ஒரு கேசட். கப்பல் சமையலறையில் வேலை பார்த்த சித்தப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்தது. முதல்முறை அதைப் போட்டபோது டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்து அப்பா கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலை நுழைத்துச் சுற்றி இறுக்கிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே இரைச்சல். சித்தப்பா சிரித்து உருண்டார்.

"இது கெட்டுப்போனதில்ல, இப்படித்தானாக்கும் இவனுவளுக்க பாட்டு. பாடும்போ ஒருத்தனும் ஆளுகளுக்க மொகத்தப் பாக்கமாட்டான். தலயக் குனிஞ்சு செருப்பத்தான் பாப்பானுவ. இந்தப் பாட்டுக்குப் பேரே அதாக்கும், ஷூகேஸ். இங்கிலீஷில கேஸ்ணா உத்துப் பாக்கது."

அது எங்கள் வீட்டுப் புகைப்புரையின் தகரக் கூரையில் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை விழுகிற சத்தம் போலிருந்தது. புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வரும். என்ன சொல்கிறாள் என்று பிடிபடாது, ஆனால் நம்மிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று தோன்றும். வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு ஃபோனில் வருகிற அம்மாவின் குரலும் இதே மாதிரி இரைச்சலுக்குள்ளிருந்துதான் கேட்கும். ஆகவே அந்தப் பாட்டுக்காரியும் மஸ்கட்டில்தான் வேலை பார்க்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

அண்ணன் தன் கிட்டார் ஆசையைச் சொல்ல ஆளில்லாமல் என்னிடம் சொன்னான். அவனுக்கு நான், எனக்குக் கோழிகள். சும்மா ஏதாவதொரு கிட்டார் போதாது என்பான். ஒருமுறை மீட்டினால் சத்தம் சட்டென்று அடங்கிவிடக் கூடாது, நீண்டு நிற்க வேண்டும். கூர்மையாகக் காதைக் குத்தக் கூடாது, ஒரு சத்தத்தோடு இன்னொரு சத்தம் கலந்து பரவ வேண்டும். முக்கியமாக, கீழே லிவர் என்று வளைந்த கம்பியொன்று இருக்க வேண்டும். அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே மீட்டுவார்களாம்.

"அப்போ எல்லாக் கம்பியும் சேந்து ஆடும் பிள்ளே. தண்ணிக்குள்ள கிடந்து பாடுகது போல இருக்கும். மழைக்க உள்ள ஒரு பாட்டு. அப்படிக் கேக்கணும்."

நான் தலையாட்டினேன். கிட்டார் வாங்கப்போகிறோம் என்று அப்பா சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் கிட்டார் அல்ல. எங்கள் பக்கத்தில் கல்ஃபிலிருந்து ஆள் வரப்போகிறது என்றால் அந்த வீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். புதுப்பாய், புதுக்கோப்பை வாங்குவார்கள். முற்றத்துக்கு மணல் வந்திறங்கும். வருகிறவர் முன்னால் ஒரு குறையும் தெரியக் கூடாது. எங்கள் வீட்டிலோ பின்பக்கத்து அறைக்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தது, சுண்ணாம்பு வந்திருந்தது, இப்போது கிட்டாரும் வரப்போகிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு அம்மா வருகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். கோழிகளிடமும் சொன்னேன். வீட்டில் மட்டும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும், நாமும் தெரியாதது போலவே இருப்போம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பாறசாலையில் பாசஞ்சர் ஏறித் திருவனந்தபுரம் போனோம். அண்ணன் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இத்தனை நாள் கேட்டது கிடைக்கப்போகிறது, இவனுக்கென்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர், மலையாளத்தில் ஓயாமல் பேசுகிறவர். முதலில் செக்கச்செவேலென்று இரண்டு கொம்பு வைத்த ஒரு கிட்டாரை எடுத்தார். அப்பா அதை வாங்கி, ஷீட்டைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரலை மடக்கித் தட்டினார்.

"இது என்ன மரம்? அயனியா?"

"மரமொந்நும் எனிக்கறியில்லா சாரே. சாதனம் நல்லதாணு."

அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்து ஒரே ஒருமுறை மீட்டிவிட்டுக் காத்திருந்தான். சத்தம் அடங்கியதும் "வேண்டாம், பெட்டெந்நு சத்தம் செத்துப்போவுது" என்றான். அடுத்தது காதைக் குத்துகிறது என்றான். அதற்கடுத்ததில் லிவரே இல்லை. வேறொன்றில் லிவர் இருந்தது, ஆனால் அசைத்தால் கம்பிகள் சுருதி விட்டுப்போயின. கடைக்காரர் தானே வாங்கிச் சினிமாப் பாட்டொன்றைக் கடகடவென்று வாசித்துக் காட்டினார். அண்ணன் அதையும் வேண்டாமென்றான்.

"மோனே, நினக்கு எந்து சப்தமாணு வேண்டது?"

"மழ பெய்யுந்ந சப்தம்" என்றான் அண்ணன்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசியில் அண்ணன் எழுந்து, "பெறவு பாப்பம் அப்பா. இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்று கடைவாசலுக்குப் போய்விட்டான். அப்பா பின்னாலேயே போய் அவன் தோளில் கைவைத்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"நீ எடுக்கல்லேண்ணாலும் காரியம் மாறாது மக்கா."

காரியம் என்று அவர் சொன்னது திரும்பிப்போகிற ரயிலின் நேரத்தைப் பற்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் தெருவைப் பார்த்து நின்றான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிட்டார் இல்லாமல் திரும்பினால் கிறிஸ்துமஸன்று அம்மா எதைக் கேட்பாள்? அவளைக் கூப்பிட விமான நிலையத்துக்கு ஜீப்பில் போவது, வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசிப்பது, அவள் என்னைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்பது என்று நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். இவன் ஒருவனுடைய மழைச் சத்தத்தால் அது கெட்டுப்போவதா?

கடையின் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், வெளிர்நீலத்தில் ஒரு கிட்டார் தூசி படிந்து சாய்ந்திருந்தது. அதில் லிவர் இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். அது யாருக்கும் வேண்டாததென்றும், லிவர் கொஞ்சம் லூஸ் என்றும், சத்தம் தெளிவாக வராதென்றும் அவர் சொன்னார். இருந்தாலும் சின்னப்பிள்ளை கேட்கிறாளே என்று ஒயரைச் செருகிக் கொடுத்தார். நான் எல்லாக் கம்பிகளிலும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு லிவரைப் பிடித்து ஆட்டினேன்.

கடையே ஒருமுறை ஆடி நின்றது போலிருந்தது. சத்தம் போகவே இல்லை, பரவிக்கொண்டே இருந்தது. நான் வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணா! இங்க மழ பெய்யுது!"

அண்ணன் திரும்பினான். உள்ளே வந்து கிட்டாரை வாங்கி, லிவரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே மீட்டினான். கேசட்டில் கேட்டது அப்படியே வந்தது. இனி வேண்டாமென்று சொல்ல அவனிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை, அது எனக்கே புரிந்தது. அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது மதி, போதும்" என்றான்.

ரயிலில் கிட்டார்ப் பெட்டியை என் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தேன். எடுத்தது நானாக்கும் என்று எதிரே இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்பா எனக்கு நெய்யாற்றின்கரையில் கடலை வாங்கிக் கொடுத்தார், வழக்கத்தைவிட அதிகமாகவே.

டிசம்பர் வந்தது. சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜீப் ஏற்பாடு செய்ததாக மட்டும் தெரியவில்லை. பெருந்தன்மையை விட்டுவிட்டு ஒருநாள் அப்பாவின் கடைக்கே போய்க் கேட்டேன்.

"அம்மைய விளிக்க எப்பம் போறோம்?"

அப்பா ஒரு ஷீட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் மக்கா. இந்த வருஷம் லீவு கிட்டல்ல."

அந்த ஷீட்டை அவர் வெகுநேரம் கீழே இறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மாமேல்தான் கோபம். கிட்டார் வந்த பிறகும் அவள் வரவில்லையே என்று நினைத்தேன். கிட்டார் வந்ததால் வரவில்லை என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

கிறிஸ்துமஸன்று பக்கத்து வீட்டு ஃபோனுக்கு அம்மா கூப்பிட்டாள்.

"கிட்டார் கொள்ளாமா மக்கா? நல்லா இருக்கா?"

"கொள்ளாம். நானாக்கும் எடுத்தேன்."

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அம்மா ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், லைன் போய்விட்டது.

சபையில் கேரல் பாடுகிற கூட்டம் அண்ணனை வாசிக்கக் கூப்பிட்டது. அவன் ஒருமுறை மீட்டியதும் பாட்டு எந்தப் பக்கம் போயிற்று என்று பாடுகிறவர்களுக்குத் தெரியாமல் போய், தம்பி வெறுமனே நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் அவன் புகைப்புரைக்கு ஒயர் இழுத்து, கிட்டாரைப் பழைய டேப்ரிக்கார்டரின் மைக் துளையில் செருகினான். அந்த டேப்ரிக்கார்டரால் அவ்வளவு சத்தத்தைத் தாங்க முடியவில்லை, எல்லாம் கரகரவென்று உடைந்து வந்தது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்த சத்தமும். தொங்குகிற ஷீட்டுகளுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு அவன் வாசித்தான். நான் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். தூவானமில்லாத மழை.

அவன் ஒருமுறைகூட நிமிரவில்லை. நான் குனிந்து அவன் கால்களைப் பார்த்தேன். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை.

"எதயாக்கும் பாக்குத?" என்றேன்.

"இந்தப் பாட்டுக்க முறை அதாக்கும்" என்றான். சித்தப்பாவும் அதைத்தானே சொன்னார் என்று நான் திருப்தியாகிவிட்டேன்.

பல வருஷங்களுக்குப் பின் வேலையை விட்டு ஊரோடு வந்த அம்மா, ஒருநாள் பயறு ஒடித்துக்கொண்டே அந்த லீவின் கதையைச் சொன்னாள். நான் எழுந்து பின்பக்கத்து அறைக்குப் போய் அதன் கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

அந்த வகைப் பாட்டுக்காரர்கள் மேடையில் வாசிப்பதை அதற்கும் பிறகுதான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அவர்கள் குனிந்திருப்பதன் காரணம் செருப்பு அல்ல. கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்னச்சின்னப் பெடல்கள் காலடி நிறையக் கிடக்கின்றன. எதை மிதிப்பது என்று பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டியிருக்கிறது, அதனால் குனிகிறார்கள். அண்ணனிடம் ஒரு பெடல்கூட இருந்ததில்லை. அவன் எதிரே நான்தான் உட்கார்ந்திருந்தேன்.