மாமனார் கொடுத்த மெத்தை

பயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன். பத்து மாடி உயரத்தில் ஒரு கூண்டு, அதன் தரை கண்ணாடி. காலுக்குக் கீழே கன்டெய்னர் பெட்டி தொங்கும். அதற்கும் கீழே ஆட்கள் நடமாடுவார்கள். போன வருடம் ஒரு காலை ஷிஃப்டில், பெட்டி அந்தரத்தில் நிற்கும்போதே நான் கண்ணசந்துவிட்டேன்.

ஒரு நொடிதான் இருக்கும். கப்பலிலிருந்து யாரோ வாக்கி டாக்கியில் ஏதோ கேட்டார்கள், அந்தச் சத்தத்தில் முழித்தேன். பெட்டி தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. நேர்கீழே, பெட்டி நகராமலிருக்க டிரெய்லரில் பூட்டு மாட்டுகிறவன் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் நிற்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை என்னாவது?

பகலில் தூக்கம் வருகிறது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். சர்க்கரை, பிரஷர், இருதயம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்றதும் பயம் இன்னும் கூடிவிட்டது. நோய் என்றால் மாத்திரையாவது உண்டு.

"வெளியூர்ல படுத்தா எப்படித் தூங்குதிய?" என்று கேட்டார் டாக்டர்.

போன லீவில் மகனுக்கு மொட்டையடிக்கத் திருச்செந்தூர் போனபோது லாட்ஜில் அடித்துப் போட்டதுபோல் தூங்கியதைச் சொன்னேன்.

"அப்போ வீட்டு மெத்தைக்கு என்ன வயசு?"

"கல்யாணச் சீர்ல வந்தது சார். மகன் இப்ப பத்தாவது படிக்கான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது இலவம்பஞ்சு மெத்தை. பழைய பஞ்சைக் கலந்துவிடக் கூடாதென்று, மெத்தை தைக்கிறவர் பக்கத்திலேயே மாமனார் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். முதல் சில வருடங்கள் அதில் ராஜா மாதிரிதான் தூங்கினேன். பிறகு கடற்காற்றின் ஈரம் ஏறிப் பஞ்சு கட்டிகட்டியானது. நடுவில் பள்ளம் விழுந்தது. நானும் மனைவியும் உருண்டு அதில்தான் கிடப்போம். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு முழிப்பு. விடிந்தால் எனக்குத் தும்மல், அவளுக்கு இடுப்புவலி. தூசி என்றோம், வயசு என்றோம். மெத்தையைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னோம். மாமனார் இறந்தபிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குத் துவைத்த விரிப்பு போடுவாள். அதை எப்படிக் குறை சொல்ல?

டாக்டரைப் பார்த்துவந்த அன்றே, முதுகுக்கு நல்லது என்று சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். சிமெண்டுத் தரையும் உறங்கவிடவில்லை. கண்ணை மூடினால் பெட்டி ஆடியது. அவளோ எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு பேச்சைக் குறைத்துவிட்டாள். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் என்ன செஞ்சேன்னு இப்படித் தனியா படுக்கிய?"

என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கிரேனில் தூங்கியதையும் கீழே ஒருவன் நின்றதையும் டாக்டர் கேட்டதையும் சொல்லி முடித்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அழப் போகிறாள் என்று பின்னாலேயே ஓடினேன். அவள் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். மெத்தையைப் புரட்டியபோது அடியில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"எங்கப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாவ. கீழ நின்னாம்லா, அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாள்லா. அந்தப் பக்கம் பிடிங்க."

இப்போது புது மெத்தை. தும்மல் நின்றுவிட்டது, கூண்டில் கண் அசருவதும் இல்லை. பயமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது, போன வாரம்வரை. கேன்டீனில் அந்தப் பூட்டுக்காரன் என் எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தான்.

"மத்தவங்க ஓட்டும்போது பெட்டியப் பாத்துப் பாத்துக் கழுத்தே வலிச்சுரும் அண்ணாச்சி. நீங்க மேல இருந்தா மட்டும் நான் அண்ணாந்தே பாக்கதில்ல."

என் கையிலிருந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.