தோற்ற ஆட்டத்துக்கு ஒரு பொன்னாடை

மொன்ட்ரியாலில் செயின்ட்-மிஷேல் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு நீக்கிலாப்பிள்ளையைத் தெரியாமல் இருக்காது. பகலெல்லாம் தையல் ஆலையில் உடுப்பு அயன் பண்ணிவிட்டு, பின்னேரம் அந்தோனியார் கோவிலின் கீழ் மண்டபத்துக்கு மேசைப்பந்து விளையாட வந்துவிடுவார். அங்கே மேசை வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

1952இல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தபோது இலங்கைக்காக ஆடப் போனவர். அந்தக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். என்னைப் பக்கத்தில் இருத்திவைத்துத்தான் தொடங்குவார்.

“சவிரிமுத்து, முன்னால நிண்ட ஜப்பான்காரன்ரை மட்டையில தடிச்ச பஞ்சு. பந்து படுற சத்தமே இல்லை. நான் காதாலை விளையாடுறவன். பந்து எப்ப வருது எண்டு தெரியாமல் காத்தை அடிச்சுக்கொண்டு நிண்டன்!”

சொல்லும்போதே எழுந்து காற்றை அடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“மூண்டு ஆட்டமும் போச்சு. பேந்து அவன் கை தந்து, அந்த மட்டையை ஒருக்காத் தொட்டுப் பாக்க விட்டான். எனக்கு அது காணும், வேற என்ன வேணும்?”

தோற்ற கதையை இவ்வளவு ஆசையாகச் சொன்ன வேறு மனிதரை நான் கண்டதில்லை.

1996 மாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. அதே மாசம்தான் எனக்குப் பேத்தி பிறந்தாள். கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்த நான், அவளை அவர் மடியிலும் கொண்டுபோய் வைத்தேன். அவர் இடது கை விரலை நீட்ட, அவள் இறுக்கிப் பிடித்தாள்.

“பாத்தியளே அண்ணை, இப்பவே மட்டை பிடிக்கிறாள்,” என்றேன். வாய் கோணினாலும் சிரித்தார்.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வந்தது. அன்றைக்குத் தகப்பனுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று அவரது மகன் றெக்ஸ் ஒழுங்கு செய்தான். முதல் நாள் அவருக்கு முன்னாலேயே பேச்சை வாசித்துக் காட்டினான்.

“பம்பாயில் ஜப்பான் வீரனை மண் கவ்வ வைத்து, தமிழினத்தின் பெயரை உலகறியச் செய்த சிங்கம்...”

நீக்கிலாப்பிள்ளை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இடது கையால் சக்கர நாற்காலியில் ஓங்கி அடித்தார்.

“மாமாவுக்குச் சந்தோசத்தைப் பாருங்கோவன்,” என்றாள் மருமகள் றொஷினி.

“தம்பி, அவர் தோத்தவரடா,” என்றேன் நான்.

“எனக்குத் தெரியாதே? தோத்த கதைக்கு ஆராவது பொன்னாடை போத்துவினமோ?”

“அவரே வேண்டாமெண்டுறார்.”

“இஞ்சை வந்த நாளிலயிருந்து அந்த அயன் பெட்டியோடயே கிடந்த மனுசன், அங்கிள். ஒருநாளாவது சனம் எழும்பி நிண்டு கைதட்டட்டும். கெடுத்துப் போடாதேங்கோ.”

அவன் பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். நான் கோவில் சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

“பிள்ளையள் ஆசையாச் செய்யினம். விடுங்கோ,” என்றார் அவர்.

திருநாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. றெக்ஸ் ஒலிபெருக்கியில் முழங்கினான். “மண் கவ்வ வைத்து” என்ற இடம் வந்ததும் நீக்கிலாப்பிள்ளை “ஆ... ஆ...” என்று ஏதோ சொல்லப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. பொன்னாடையைப் போர்த்தினார்கள். இடது கையால் அதை இழுத்து நிலத்தில் போட்டார்.

சனம் ஒருமுறை திகைத்தது. றெக்ஸ் சட்டென்று ஒலிவாங்கியைத் தூக்கினான்.

“பாருங்கோ எங்கடை அப்பான்ரை தன்னடக்கத்தை! புகழே வேண்டாமாம்!”

மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடையை எடுத்து மறுபடி போர்த்தி, இந்த முறை விழாதபடி தோளில் சட்டையோடு சேர்த்து ஊசி குத்திவிட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். ஊசியைக் கழற்ற நான் கையை நீட்டினேன்.

“இப்ப வேண்டாம் அங்கிள், வீடியோ ஓடுது,” என்று றொஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.